பொம்மை என்று எதைச் சொல்கிறீர்கள்?

‘லோ-கோடு’ கருவிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை மூன்று முறை படித்தேன். அதன் வாதம் இவ்வளவுதான்: நிரல் எழுதத் தெரியாதவர்கள் திரையில் இழுத்து ஒட்டிச் செய்யும் செயலிகள் பொம்மைகள், அவற்றில் பாதுகாப்பு இல்லை, கருவியைத் தந்த கம்பெனி கைவிட்டால் எல்லாம் போச்சு, இது அமெரிக்காவில் கிளப்பிவிட்ட அலை, ஆகவே தொழிலுக்கான மென்பொருளைத் ‘தகுதியானவர்களிடம்’ விட்டுவிடுங்கள்.

மற்றவற்றுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லலாம். அந்தத் ‘தகுதி’ என்ற சொல்லுக்கு முடியவில்லை.

திருப்பூரில் நடுத்தரமான ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. பிறகு காம்பாக்டிங், கட்டிங், தையல். பாதி வேலை வெளியே, ஜாப் ஒர்க்கில் நடக்கிறது. சரக்கு வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு டிசி (டெலிவரி சலான்) போட வேண்டும். போன எடையும் திரும்பி வந்த எடையும் ஒன்றாக இருக்காது. எவ்வளவு குறைந்தால் சரி, எவ்வளவுக்கு மேல் போனால் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது துணிக்குத் துணி மாறும். போதாததற்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வரவில்லை என்றால், அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கு வைத்து வரி கேட்பார்கள்.

இத்தனையையும் தலையில் சுமப்பவர் ஸ்டோர் பொறுப்பாளர். பெரும்பாலும் அவரிடம் கம்ப்யூட்டர் பட்டம் இருக்காது. வெளியாட்களிடம் மென்பொருள் கேட்டால், அவர் சொல்வதை ஒருவர் வந்து குறித்துக்கொண்டு போவார். அதை இன்னொருவருக்கு விளக்குவார். அந்த இன்னொருவர் சாயப்பட்டறையை ஒரு நாளும் பார்த்திராமல் நிரல் எழுதுவார். மாதங்கள் கழித்து மென்பொருள் வந்து சேரும்போது, ‘ஒரே லாட்டில் பாதித் துணி மட்டும் திரும்பினால் எங்கே பதிவது?’ என்று ஸ்டோர்காரர் கேட்பார். அதற்கு அதில் இடமே இருக்காது. இடம் வேண்டுமென்றால் தனி விலை, தனித் தவணை. அது வரும்வரை பழைய நோட்டுப் புத்தகம்தான்.

லோ-கோடு கருவியில் அதே மனிதர் தன் படிவத்தைத் தானே திறந்து, ‘பகுதி வரவு’ என்று ஒரு கட்டம் சேர்க்கிறார். மறுநாள் காலை அது வேலை செய்கிறது. இந்தக் கருவிகளின் வேகம் விரல் வேகம் இல்லை. விஷயம் தெரிந்தவருக்கும் செயலியைச் செய்பவருக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவை எடுத்துவிட்டன. அதில் கிடைத்த வேகம் இது. கட்டுரை முழுக்க வேகத்தைப் பழித்திருக்கிறார் கட்டுரையாளர். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி இல்லை. சாயப்பட்டறை எடைக்கணக்கு தெரிவதும் தகுதிதான். அதைத் தகுதியாகவே எண்ணாத ஒருவர் அந்தத் தொழிலுக்கு மென்பொருள் எழுதக் கூடாது.

‘இது உண்மையான நிரலாக்கம் இல்லை’ என்கிறார். 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரானைக் கொண்டுவந்தபோதும், இயந்திரத்தின் மொழியிலேயே எழுதிப் பழகியவர்கள் அதை நம்பவில்லை. கையால் எழுதியதற்கு ஈடாக ஒரு கம்பைலர் எழுதிவிடுமா என்றார்கள். எழுதியது. இன்று கட்டுரையாளர் பெருமையோடு பட்டியல் போடும் மொழிகள் அத்தனையும் அப்படி ஒரு காலத்தில் இளப்பமாகப் பார்க்கப்பட்ட வழியில் வந்தவைதான். பிறர் எழுதிய நூற்றுக்கணக்கான நிரல் தொகுப்புகளை இறக்கிக்கொண்டு அவற்றின்மேல் தன் வேலையைச் செய்கிறவர், ஸ்டோர்காரர் மட்டும் அடித்தளத்திலிருந்து தானே கட்ட வேண்டும் என்பது என்ன நியாயம்?

அடுத்து பாதுகாப்பு. மைக்ரோசாஃப்டின் லோ-கோடு கருவியான பவர் ஆப்ஸ் பற்றி 2021 ஆகஸ்டில் வெளிவந்த விவகாரத்தைத் தன் துருப்புச் சீட்டாக இறக்குகிறார். நடந்தது உண்மை. அப்கார்டு என்ற நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது, 3.8 கோடிப் பதிவுகள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து கிடந்தன. ஆனால் திறந்து வைத்தவர்கள் யார்? அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஃபோர்டு, இண்டியானா மாநிலச் சுகாதாரத் துறை. கருவியைச் செய்த மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இவர்களில் நிரல் தெரியாத ஸ்டோர்காரர் எங்கே இருக்கிறார்? பொதுப்பார்வைக்குப் போகும் பட்டியல்களில் அனுமதிக் கட்டுப்பாடு தானாகவே பூட்டியிருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அதைத் திறந்த நிலையில் விட்டிருந்தது. பிறகுதான் மாற்றினார்கள். கதவைப் பூட்டாமல் வீட்டை விற்றவரை விட்டுவிட்டு, குடிவந்தவருக்குப் பூட்டத் தெரியாது என்கிறது கட்டுரை.

2017-இல் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. அங்கே லோ-கோடு இல்லை. அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு அந்த மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாமல் விட்டது தொழில்முறைப் பொறியாளர்கள் நிறைந்த ஒரு நிறுவனம். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் கிடையாது. தனக்குப் பிடிக்காத பக்கத்தின் தவறை மட்டும் எண்ணுவது வாதம் ஆகாது.

கம்பெனி கைவிடும் என்ற பயத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். கூகுள் தன் லோ-கோடு கருவியான ஆப் மேக்கரை 2021 ஜனவரி 19-ஆம் தேதி மூடியது. அதை நம்பிக் கட்டியவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் இது லோ-கோடுக்கு மட்டுமே வந்த நோய் என்று எழுதுவது தவறு. விஷுவல் பேசிக் 6-க்கு மைக்ரோசாஃப்ட் 2008-இல் ஆதரவை நிறுத்தியது, ஃபாக்ஸ்ப்ரோவுக்கு 2015-இல். நம் ஊர்க் கடைகளின் பில்லிங் மென்பொருளில் எத்தனையோ இவ்விரண்டில் எழுதியவை, எழுதியவர்களும் கட்டுரையாளரின் அளவுகோலில் தகுதியானவர்களே. சோர்ஸ் கோடைக் கொடுக்காமலே ஊரை விட்டுப் போன நிரலாளரிடம் ஏமாந்த முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான்: மாதம் ஒருமுறையாவது எல்லாத் தரவையும் சாதாரணக் கோப்பாக இறக்கித் தன் கையில் வைத்துக்கொள்வது. இறக்கவிடாத கருவியை வாங்கவே கூடாது.

அமெரிக்க அலை என்பதோ வெறும் தகவல் பிழை. ‘லோ-கோடு’ என்ற பெயரை ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனம் சூட்டியது 2014-இல். சென்னையின் ஜோஹோ நிறுவனத்தின் லோ-கோடு கருவியான கிரியேட்டர் வந்தது 2006-இல். அதே வகைக் கருவியான கிஸ்ஃப்ளோவும் சென்னையில் பிறந்ததுதான்.

எல்லாவற்றையும் எல்லோரும் தாங்களே கட்டிக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளிகளின் விவரம், சம்பளக் கணக்கு, வங்கிக் கணக்கோடு இணைப்பது போன்ற இடங்களில் யார் எதைப் பார்க்கலாம் என்று ஒரு பொறியாளர் சோதித்த பிறகே செயலி வெளியே போக வேண்டும். அந்த வேலைக்கு ஆள் போதவில்லை. கட்டுரையாளரைப் போன்ற அனுபவசாலிகள் ஒரு நாள் மதியம் ஸ்டோர் ரூமுக்குப் போய், அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, அனுமதிகளைச் சரிபார்த்து, பேக்கப் எடுக்கக் கற்றுக்கொடுத்தால் அவருடைய கட்டுரையால் வராத நன்மை வரும். போவதற்கு முன்னால் ‘பொம்மை’ என்ற சொல்லை அவர் திரும்பப் பெற வேண்டும்.