ராஸ் லஃபான் கற்பிக்கும் கூட்டுறவு

தோகாவிற்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கத்தாரின் கடற்கரையில் அமைந்துள்ள தொழில் நகரம் ராஸ் லஃபான். 1971-ஆம் ஆண்டில் கடலடியில் கண்டறியப்பட்ட மாபெரும் எரிவாயு வயலே அதன் பிறப்பிற்குக் காரணம். வெல்டராக, ஃபிட்டராக, பாதுகாப்பு அலுவலராக, பொறியாளராக அங்கே உழைத்த தமிழர் பலர். அந்நகரம் எழுந்த முறையில் நமக்கொரு பாடம் உண்டு.

1984-இல் கத்தார் காஸ், 1993-இல் ராஸ் காஸ் என இரு நிறுவனங்கள் தோன்றின. வெளிநாட்டுப் பங்காளிகளும் வாடிக்கையாளர்களும் இரண்டிற்கும் தனித்தனியே இருந்தனர். ஆயினும் இரண்டின் கப்பல்களும் ஒரே துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. எரிவாயுவோடு கிடைக்கும் எண்ணெயைச் சுத்திகரிக்க, 2009-இல் இயங்கத் தொடங்கிய லஃபான் சுத்திகரிப்பு ஆலை இரண்டிற்கும் பொதுவாகப் பயன்பட்டது. 2018-இல் இரு நிறுவனங்களும் ஒன்றாயின.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. டால்பின் திட்டத்தின் கடலடிக் குழாய் வழியே 2007 முதல் ராஸ் லஃபான் எரிவாயு ஐக்கிய அரபு அமீரகத்தைச் சென்றடைந்தது. 2017 சூன் மாதத்தில் அமீரகம் உள்ளிட்ட நான்கு நாடுகள் கத்தாருடன் உறவை முறித்தன. வான்வழியும் கடல்வழியும் அடைபட்டன. எரிவாயுக் குழாய் மட்டும் அடைபடவில்லை. 2021 சனவரியில் உறவு சீராகும் வரை அது ஓடிக்கொண்டேயிருந்தது. பகைக்கு நடுவிலும் ஒருவர் தேவையை மற்றவர் அறிந்திருந்தமையே காரணம்.

நம் நிலை என்ன? ஊர்ப் பெயரால் ஒரு சங்கம், கல்லூரிப் பெயரால் ஒரு சங்கம், தமிழகம், ஈழம் எனப் பிறந்த மண்ணால் வேறு சங்கங்கள். பொங்கல் விழாவும் தனித்தனியே. ஒரு சங்கத்தில் சட்டம் அறிந்தவர் இருக்கிறார். மற்றொன்றில் வேலை தரவல்ல வணிகர் இருக்கிறார். இருவரும் அறிமுகமற்றவர்கள். முகவரிடம் பணத்தை இழந்து வந்திறங்கும் இளைஞனோ எந்தக் கதவைத் தட்டுவதென்று அறியாது நிற்கிறான். வெளிநாட்டிலிருந்து ஆள் சேர்க்கும் உரிமம் பெற்றவர் தொழிலாளியிடம் கட்டணம் பெறுவதைக் கத்தாரின் 2004-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. இதனை அவனுக்கு எடுத்துரைக்கத்தான் ஆளில்லை.

சங்கங்களைக் கலைத்து ஒன்றாக்குங்கள் என்று நாம் கூறவில்லை. கொடி தனித்தனியே இருக்கட்டும், துறைமுகம் பொதுவாகட்டும். சட்ட உதவி செய்வோரின் பட்டியல், முகவர்களைப் பற்றிய எச்சரிக்கை, மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டல் ஆகிய மூன்றையேனும் எல்லாச் சங்கங்களும் பொதுவில் நடத்தலாம்.

பெற்றோரே, உங்கள் பணி அனுபவத்தை அடுத்த சங்கத்துப் பிள்ளைக்கும் வழங்குங்கள். இளைஞரே, அப்பட்டியலைத் தொகுக்கும் பணியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உறவை முறித்த நாடுகளுக்கிடையே ஒரு குழாய் ஓடிற்று. ஒரே மொழி பேசும் நமக்குள் ஓடாதா?