சைலன்சர் நட்டுல அவசரம் ஆகாது

பழைய டிராக்டர் வச்சிருக்கவங்களுக்காக எழுதறேன். புது வண்டிக்காரங்க பத்து வருஷம் கழிச்சு வந்து படிச்சுக்கலாம்.

மேட்டூர் தண்ணி வாய்க்காலுக்கு வந்து உழவு ஆரம்பிச்சா எங்க பக்கம் தெருவுக்கு ரெண்டு வண்டி 'டப் டப்'புனு மேனிபோல்டு பக்கத்துலேர்ந்தே சத்தம் போட்டுக்கிட்டுப் போகும். சைலன்சர் நட்டு துரு தின்னு ஒண்ணு ரெண்டு விழுந்திருக்கும், பேக்கிங் எரிஞ்சிருக்கும். கேட்டா, "சத்தம்தானே, உழவு ஓடுதுல்ல" அப்படிங்கறாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. மேலே போக வேண்டிய புகை நாள் பூரா டிரைவர் மூஞ்சியிலதான் அடிக்குது. பக்கத்துல டீசல் ஓஸ் இருக்கு, வயர் இருக்கு. அறுப்பு முடிஞ்சு வைக்கோல் கட்டுற மிஷினை அதே வண்டியில மாட்டி காஞ்ச வயல்ல ஓட்டுறாங்க. அங்க ஒரு பொறி விழுந்தா என்ன ஆகும்னு சொல்லணுமா?

இந்த நட்டு மட்டும் இப்படித் துருப்பிடிக்கறதுக்குக் காரணம் இருக்கு. சேத்துழவுல கேஜ் வீல் வாரி அடிக்கிற சேத்துத் தண்ணி கொதிக்கிற இரும்பு மேல விழுது. தினம் சூடேறி தினம் ஆறுது. அந்தச் சூட்டுல எண்ணெய்ப் பசை, பெயிண்ட் எதுவும் நிக்காது. கொஞ்ச வருஷத்துல நட்டும் ஸ்டட்டும் ஒரே இரும்பா ஒட்டிக்கும்.

சரி பண்றேன்னு வர்றவங்க செய்யற வேலை அதைவிட மோசம். ஸ்பானர் பின்னாடி நாலடி பைப்பைச் சொருகி ஒரே இழு. 'டக்'குனு ஸ்டட் ஹெட்டுக்குள்ளயே முறிஞ்சிடும். போன குறுவையில பக்கத்துத் தெரு அண்ணன் வண்டி அப்படித்தான் நின்னுச்சு. ஹெட்டைக் கழட்டி, லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயி, அஞ்சு நாள். வாடகை வண்டியும் கிடைக்கலை. நாத்து வயசு ஏறிப்போச்சு, நட்ட பயிர் தூர் கட்டவே இல்லை. அம்பது ரூபா நட்டுல ஆரம்பிச்ச கதை.

இதுல நான் மெக்கானிக் பையனை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். வண்டிக்காரர் தலைமாட்டுல நின்னுக்கிட்டு "ஆச்சா, ஆச்சா"ன்னா அவன் என்ன செய்வான்? ஊற வச்சுட்டு நாளைக்கு வர்றேன்னு சொல்ற மெக்கானிக்கை சோம்பேறிங்கறோம். காத்திருக்கறதுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கணும். அதுதான் என் கட்சி.

இந்த வேலைக்கு மாசம் மாசியும் பங்குனியும்தான். சம்பா அறுப்பு முடிஞ்சு வண்டி சும்மா நிக்கும். ஆனியில தொடக்கூடாது. கம்பி பிரஷ்ஷால துருவைத் தேய்ச்சு எடுத்துட்டு, துரு இளக்குற ஸ்பிரேயை நல்லா அடிச்சு ராத்திரி பூரா விடுங்க. காலையில ஒரு தடவை. இன்ஜின் ஆறியிருக்கணும், சூட்டுல அடிச்சா தீப்பிடிக்கும். பன்னெண்டு முனை ரிங் வேண்டாம், ஆறு முனை பாக்ஸ் போடுங்க, மூலை மழுங்காது. முதல்ல கழட்டாதீங்க, முடுக்குற பக்கம் ஒரு நூலளவு அசைச்சுப் பாருங்க. அசைஞ்சா, கால் சுத்து வெளிய, அரைக்கால் சுத்து உள்ள, இப்படியே கொண்டாங்க. இறுகுச்சுன்னா நிறுத்திட்டு மறுபடி எண்ணெய். அப்பவும் வரலைன்னா கேஸ்காரரைக் கூப்பிட்டு நட்டை மட்டும் செவக்கச் சூடு பண்ணணும், டீசல் ஓஸை முன்னாடியே ஒதுக்கி வச்சுட்டு. அப்படியும் முறிஞ்சு கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டிருந்தா அது மேலயே ஒரு நட்டை வச்சு வெல்டிங் அடிச்சுத் திருப்பலாம். அந்தச் சூட்டுக்கே பாதி இளகிடும்.

திரும்பப் போடும்போது பழைய இரும்பு நட்டையே போடாதீங்க. பித்தளை நட்டு கேட்டு வாங்குங்க, ஸ்டட்டோட துருப்பிடிச்சு ஒட்டாது. எவர்சில்வர் போல்ட்டு நல்லதுன்னு சில பேர் சொல்றாங்க. துருப்பிடிக்காதுதான், ஆனா எவர்சில்வர் போல்ட்டுல எவர்சில்வர் நட்டைப் போட்டா மரை கடிச்சு இறுகிக்கும். எனக்குப் பிடிக்காது.

ஸ்டட்டை மாத்தறதா இருந்தா பழைய வண்டியில இஞ்சு மரையா, மில்லிமீட்டர் மரையான்னு பாருங்க. எட்டு மில்லியும் 5/16 இஞ்சும் கண்ணுக்கு ஒண்ணுபோலத்தான் தெரியும், அழுத்திப் போட்டா ஹெட்டுல மரை போயிடும். பழசுல ஒண்ணைக் கையில எடுத்துக்கிட்டே கடைக்குப் போங்க. பேக்கிங் புதுசு, முடுக்கறது நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும். ஒரு நாள் ஓட்டி, ஆறின பிறகு இன்னொரு தடவை எல்லா நட்டையும் பிடிச்சுப் பாருங்க, கண்டிப்பா கொஞ்சம் இறங்கியிருக்கும்.