அச்சுப்பொறி மட்டும் போதுமா?

நம் சங்கத்து டி-ஷர்ட்டுகளில் தமிழெழுத்தை நாமே டி.டி.எஃப். முறையில் அச்சிடலாம் என்கின்றனர் நண்பர்கள். நல்ல விருப்பமே! ஆனால் இங்க்ஜெட் பொறி ஒன்றே போதுமா? வெள்ளையும் சேர்ந்த நிறமி மைகள், பெட் ஃபிலிம், பசைத்தூள், அதை உருக்கும் அடுப்பு, ஏறத்தாழ 150 டிகிரி சூட்டில் துணியில் பதிக்கும் ஹீட் பிரஸ், புகைபோக்கி, தனி மென்பொருள் இத்தனையும் வேண்டும்.

வேதியியல் பயில்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வெள்ளை மையிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு நீரைவிட ஏறத்தாழ 4 மடங்கு கனமானது. அசையாதிருந்தால் அடியில் படியும். அச்சுத்தலையின் நுண்துளைகளை அடைக்கும். கோடை விடுமுறையில் நாமெல்லாம் ஊர் சென்றபின் அதைக் குலுக்குவார் யார்?

ஆகவே, முதலில் ஹீட் பிரஸ் மட்டும் வாங்குவோம். ஃபிலிமைக் கடையில் அச்சிட்டுப் பெறுவோம். ஆண்டு முழுதும் பேணும் கைகள் கிடைத்தபின் அச்சுப்பொறி வரட்டும். மாணவர் தந்த சந்தாப் பணம் மையோடு மையாய் உறைந்துபோக வேண்டாம்!