நடுவுல யாரு தின்னா?

போன மாசம் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஒரு பெரிய கம்பெனியில் லாஜிஸ்டிக்ஸ் மேனேஜர். ராத்திரி சாப்பிட்டுவிட்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, நகரத்திலிருந்து வருகிற எல்லோரும் கேட்கும் கேள்வியை அவனும் கேட்டான்.

"ஏன் மாமா, நாங்க தக்காளி கிலோ 50 ரூபாய்க்கு வாங்கறோம். உங்களுக்கு 15 ரூபாதான் கிடைக்குதுங்கறீங்க. நடுவுல 35 ரூபாய யாரு மாமா திங்கறா?"

"புரோக்கர்தான் மாப்ள" என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். கேட்டவனுக்கும் திருப்தி, சொன்னவனுக்கும் திருப்தி. இருபது வருசமா நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை வாய் வரவில்லை. போன ஐப்பசியில் நடந்த ஒரு கணக்கு மனசில் இன்னும் கிடக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், யார் தின்றார்கள் என்று.

அன்றைக்குக் காலை ஆறு பேர் பறிப்புக்கு வந்தார்கள். ஆளுக்கு 300 கூலி. மதியத்துக்குள் 62 பெட்டி பறித்தாயிற்று. பெட்டிக்கு 14 கிலோ. நல்ல காய், ஒரு சொத்தை கிடையாது. எங்கள் தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை. நடுவில் ஒரு ஓடை. தோட்டத்திலிருந்து தார் ரோடு வரை டிராக்டர், அங்கிருந்து டவுன் மண்டிக்கு குட்டியானை. மண்டியில் மூணு மணிக்கு ஏலம். ஆறு மணிக்குள் கேரளா லாரிகள் கிளம்பிவிடும்.

ஒரு மணிக்கு மழை பிடித்தது. பெரிய மழைகூட இல்லை, முக்கால் மணி நேரம்தான். ஓடையில் டிராக்டர் சேற்றில் இறங்கிவிட்டது. கல்லைப் போட்டு, பலகையைப் போட்டு, பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கூட்டிவந்து இழுத்து, மண்டி போய்ச் சேரும்போது மணி ஏழு. லாரியெல்லாம் போய்விட்டது. மூணு மணிக்கு அதே ரகக் காய் பெட்டி 210க்குப் போயிருக்கிறது. என் காயை உள்ளூர் சில்லறை வியாபாரிகள் 90க்கு எடுத்தார்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவர முடியுமா? வண்டி வாடகை இன்னொரு தடவை ஆகும். மறுநாள் காயும் இளகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 62 பெட்டி 90 வீதம் 5,580 ரூபாய். பறிப்புக் கூலி 1,800. டிராக்டர் 800. குட்டியானை 1,200. இறக்குகூலி பெட்டிக்கு 5 வீதம் 310. நூற்றுக்குப் பத்து கமிஷன் 558. கையில் நின்றது 912 ரூபாய். உரம், மருந்து, நாற்று, குச்சி கட்டின செலவு எதையும் இதில் சேர்க்கவில்லை. மூணு மணிக்கே போயிருந்தால் இதே செலவெல்லாம் போக 7,608 நின்றிருக்கும்.

நடுவில் போன 6,696 ரூபாயை எந்தப் புரோக்கரும் தின்னலீங்க. அவருக்கும் அன்றைக்கு கமிஷன் குறைச்சல்தான். ஓடைச் சேறு தின்றது.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் கேட்டேன். "உன் வேலை என்ன மாப்ள?" "சரக்கைச் சரியான நேரத்துல, சேதாரம் இல்லாம, சொன்ன எடத்துல கொண்டு சேர்க்கறது மாமா." "அந்த வேலைக்கு எங்க ஊர்ல ஆள் யாரு?" பதில் இல்லை.

ஆள் இருக்கிறார். நீங்கள் திட்டுகிற அந்தப் புரோக்கர்தான்.

கோபப்படாதீர்கள். அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவார். எடையில் கழிப்பார். 'இன்னைக்கு மார்க்கெட் டல்' என்பார். எல்லாம் தெரியும். ஆனால் பிளாஸ்டிக் பெட்டி அவருடையது. காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து ஊரில் இறக்குவது அவர் வண்டி. லாரி பேசி வைப்பது அவர். கேரளாக்காரர் பத்து நாள் கடன் சொன்னாலும் எனக்கு அன்றைக்கே பணம் கொடுப்பது அவர். கல்யாணத்தில் சமையல் எவ்வளவு நல்லா இருந்தாலும் பந்தி விசாரிக்க ஆள் இல்லாவிட்டால் சனம் பசியோடு எழுந்து போகும். எங்கள் ஊரில் பந்தி விசாரிப்பவர் அவர் ஒருத்தர்தான். அதனால்தான் அவர் வைத்ததே விலை. அவரை ஒழி ஒழி என்று எழுதுகிறவர்கள், அவர் செய்கிற வேலையை நாளையிலிருந்து யார் செய்வார்கள் என்று ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

'நேரடியா எங்களுக்கு அனுப்புங்க' என்பார்கள் சிலர். அதையும் செய்து பார்த்தேன். ஒரு அபார்ட்மென்ட், இருபது வீடு, வாட்ஸ்அப் குரூப். முதல் வாரம் 100 கிலோ. திருவிழா மாதிரி இருந்தது, போட்டோவெல்லாம் போட்டார்கள். அந்த அளவுக்குத் தனி வண்டி கட்டாது என்று பஸ் பார்சலில் போட்டேன். விடியக்காலையில் பஸ் ஸ்டாண்டில் போய் எடுக்க ஒருத்தர் வேண்டும். அப்புறம் பிரிக்கணும், எடை போடணும், நசுங்கினது யார் தலையில் என்று பேசணும். இரண்டாம் வாரம் 60 கிலோ. மூணாம் வாரம் 'லீவுக்கு ஊருக்குப் போறோம், இந்த வாரம் வேண்டாம்' என்று செய்தி. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் ஊருக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் செடிக்கு லீவு கிடையாது. ரெண்டு நாளைக்கு ஒருதரம் பழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

அரசாங்கத்துக்கு இது தெரியாமலும் இல்லை. 1999ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அது ஓடியதற்குக் காரணமாக எல்லோரும் சொல்வது 'இடைத்தரகர் இல்லை' என்பதைத்தான். எனக்குத் தெரிந்து பாதிக் காரணம் பஸ். காய்கறிக் கூடைக்கு லக்கேஜ் கட்டணம் இல்லாமல் அரசு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்கள். விடியக்காலை பஸ் இருக்கிற ஊர்க்காரர்கள் பிழைத்தார்கள். பஸ் வராத ஊர்க்காரனுக்கு அது பேப்பரில் படிக்கிற சந்தைதான்.

2020 ஆகஸ்டில் கிசான் ரயில் விட்டார்கள். மகாராஷ்டிராவின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் வண்டி. பழம், காய்கறிக்கு வாடகையில் பாதி மானியமும் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஸ்டேஷன் வரைக்கும் சரக்கை யார் கொண்டுபோவது? கணக்கு மறுபடி என் ஓடையில் வந்து நிற்கிறது.

அதே 2020ல் உங்களுக்கும் ஒரு பாடம் நடந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். திருமழிசைக்கு மாற்றினார்கள். காய்கறி மார்க்கெட் மறுபடி கோயம்பேட்டில் திறந்தது செப்டம்பர் கடைசியில். அந்த மாசங்களில் செடி காய்ப்பதை நிறுத்தவில்லை. நீங்கள் சாப்பிடுவதையும் நிறுத்தவில்லை. நடுவில் இருந்த வழி ஒன்று அடைபட்டது. அவ்வளவுதான். அங்கே காய் இல்லை, இங்கே எடுக்க ஆள் இல்லை.

அடுத்து எல்லோரும் சொல்லும் மருந்து, குளிர்பதனக் கிடங்கு. இந்தியாவில் இருக்கிற கிடங்குகளில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்காகக் கட்டியவை. தக்காளி உருளைக்கிழங்கு இல்லை. 10 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கெடும், ருசி போகும். சரியான குளிரில் வைத்தாலும் பழுத்த காய் ஒன்றிரண்டு வாரம் தாங்கினால் பெரிசு. வெயிலில் பறித்த காயை முதலில் சூடு தணிக்கணும். குளிர்ந்த கிடங்கிலிருந்து வெளியே எடுத்தால் குளிர்ந்த வண்டியில்தான் போகணும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் கிடங்கு என்பது கரண்ட் பில் வருகிற ஒரு ரூம், அவ்வளவுதான். ரிப்பன் வெட்டுவதற்கு வசதியாக இருக்கும். ஓடைக்குக் குழாய் பதித்தால் யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள்.

அப்போ இது முடியாத காரியமா? அதுதான் இல்லை. எங்கள் ஊரிலேயே முடிந்திருக்கிறது. தினமும் ரெண்டு வேளை.

பாலைப் பாருங்கள். தக்காளி ரெண்டு நாள் தாங்கும். பால் சில மணி நேரம்தான் தாங்கும். ஆனாலும் ஒரு மாடு வைத்திருக்கிற பாட்டி மூணு லிட்டர் பாலைத் தூக்குப்போசியில் எடுத்துப்போய் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருகிறாள். வண்டி பேசவில்லை, ஏலத்துக்கு ஓடவில்லை. மணிக்கு மணி வண்டி வந்து எடுத்துப் போகிறது. அங்கே குளிரூட்டும் நிலையம், அப்புறம் டேங்கர், மறுநாள் காலையில் உங்கள் வாசலில் பாக்கெட். விலை கட்டவில்லை என்று பால்காரர்களுக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் 'எடுத்துப்போக வழி இல்லை' என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை.

இது தானாக வரவில்லை. 1946ல் குஜராத்தின் கேடா மாவட்டத்து விவசாயிகள் சங்கம் கட்டினார்கள். பிற்பாடு அமுல் ஆனது அதுதான். அங்கேயும் எங்கள் மாதிரியே ஒரு சிக்கல் வந்தது. குளிர்காலத்தில் எருமை அதிகம் கறக்கும். பம்பாய் அவ்வளவையும் வாங்காது. மிச்சப் பாலை என்ன செய்வது? 'குறைச்சுக் கறங்க' என்று யாரும் புத்தி சொல்லவில்லை. எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதை மீறி, குரியனும் தலாயாவும் 1955ல் ஆனந்தில் அதற்கான ஆலையை ஓட்டிக் காட்டினார்கள். மிஞ்சியதற்கும் ஒரு வழி வைத்தார்கள். எங்களுக்கு அறுவடை மிஞ்சினால் கிடைப்பது 'எல்லாரும் தக்காளியே போட்டா எப்படி?' என்கிற வசனம்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. வண்டிப்பாதைக்குக் கிராவல், ஓடைக்குக் குழாய். ஊருக்கு ஒரு நிழற்கூரை, ஒரு எடை மெஷின், சங்கத்துப் பெயரில் சொந்தப் பெட்டி. பெட்டி யாருதோ சரக்கு அவருது என்கிற நிலைமை அப்போதுதான் மாறும். தினமும் சொன்ன நேரத்துக்கு ஒரு லாரி, அரை வண்டி சரக்கு இருந்தாலும் கிளம்புகிற லாரி. அது நடந்த பிறகு கிடங்கு கட்டுங்கள், ரயில் விடுங்கள், ஆப் செய்யுங்கள். முதல் இரண்டு கிலோமீட்டரை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு கிலோமீட்டரில் பத்து நிமிசத்தில் டெலிவரி செய்து என்ன பெருமை?

குழாய்க்கு மனு கொடுத்து மூணு வருசம் ஆகிறது. அளந்துவிட்டுப் போனார்கள். மறுபடி ஒருதரம் வந்து அளந்தார்கள். அளவு மாறவில்லை.

மாப்பிள்ளை கிளம்பும்போது கேட்டான், "ஆடிப் பட்டத்துல என்ன மாமா போடப் போறீங்க?" நான் முடிவு செய்துவிட்டேன். மழைக்கு முன்னால் குழாய் வந்தால் தக்காளி. வராவிட்டால் மக்காச்சோளம். மக்காச்சோளம் களத்தில் காத்திருக்கும், ஓடை காய்ந்ததும் ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் நாலு தோட்டம் ஏற்கனவே மாறிவிட்டது.

அப்புறம் தக்காளி கிலோ 100 ரூபாய் ஆகும்போது, நடுவுல யாரு தின்னான்னு என்னைக் கேட்காதீங்க.