சமையலறையில் பிறந்த நாவல்

ராத்திரி பாலுக்கு உறை ஊற்றி, அடுப்பு மேடையைத் துடைத்து நிமிர்ந்தால் மணி பதினொன்று. "இதுக்கு மேலே எங்கேடி எழுதறது?" என்று என் சிநேகிதி அலுத்துக்கொள்வாள். அவளுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

இஸபெல் அயெந்தே சிலி நாட்டுக்காரர். அங்கே ஒரு பெண்கள் பத்திரிகையில் இதே மாதிரி பத்தி எழுதிக்கொண்டிருந்தவர். அவருடைய தகப்பனாரின் ஒன்றுவிட்ட சகோதரர்தான் ஜனாதிபதி சல்வதோர் அயெந்தே. 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜனாதிபதி அன்றே உயிரிழந்தார். 1975-ல் இஸபெல் கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் வெனிசுலாவுக்குப் போனார்.

1981 ஜனவரி 8. சிலியில் தாத்தா சாகக் கிடக்கிறார் என்று சேதி வந்தது. போய்ப் பார்க்க வழியில்லை. பகலெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து தாத்தாவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். தாத்தா அதைப் படிக்காமலே கண்ணை மூடினார். கடிதம் நிற்கவில்லை. 1982-ல் 'ஆவிகளின் வீடு' என்கிற நாவலாக வெளிவந்தது. இன்றைக்கும் புதுப் புத்தகத்தை ஜனவரி 8-ல்தான் தொடங்குவது அவர் வழக்கம்.

அந்த நாவலில் பண்ணையார் த்ருவெபாவின் மகள் பிளாங்கா, பண்ணையில் வேலை செய்கிறவரின் மகன் பெத்ரோவை விரும்புகிறாள். அப்பா பொறுப்பாரா? மகளை அடிக்கிறார், கோடரியால் அந்தப் பையனின் மூன்று விரல்களை வெட்டிவிடுகிறார். வருஷங்கள் ஓடுகின்றன. அவர் ஆசையாக வரவேற்ற ராணுவமே பெத்ரோவைத் தேடுகிறது. அப்போது, மகள் கேட்டுக்கொண்டதற்காக, அந்தக் கிழவரே அவனை ஒளித்துக் கொண்டுபோய் ஒரு தூதரகத்தில் சேர்க்கிறார். காதலர்கள் கனடாவுக்குப் போய்ச் சேருகிறார்கள். ஒன்று சேர்ந்தார்கள், ஊர்தான் போய்விட்டது.

தன் தாத்தாவை மனசில் வைத்துத்தான் த்ருவெபாவைப் படைத்ததாக அயெந்தே சொல்லியிருக்கிறார். தாத்தாவின் முரட்டுக் கோபத்தை அவர் மூடி மறைக்கவில்லை. அதற்காக அவரை வெறுக்கவும் இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

ஏன் தெரியுமா? எங்கள் வீட்டுக் கல்யாண போட்டோ ஒன்றில் ஓர் உருவத்தை மட்டும் கத்தரித்து எடுத்திருப்பார்கள். அது என் சின்ன அத்தை. வேறு ஜாதியில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவர். அவர் பேரை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கமாட்டோம். இந்த நாவலைப் படித்து முடித்த அன்று, எண்பத்தாறு வயதான அப்பாவிடம் தைரியமாகக் கேட்டுவிட்டேன்: "அத்தை எப்படிப்பா இருப்பாங்க?"

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவ கோலம் போட்டா தெருவே நின்னு பார்க்கும்மா. கத்தரிச்சது நான்தான்."

அன்று ராத்திரி பாலுக்கு உறை ஊற்றின கையோடு உட்கார்ந்து அதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும், சகோதரிகளே. கண்டிக்கவோ வாதாடவோ வேண்டாம். கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.