அளவா, ஒழுங்கா?



சென்ற மாதம் ஒரு மாலை செபமாலை முடிந்தபின், நம் இளைஞர் ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். ஆசிரியப் பயிற்சி முடித்தவர். பள்ளி வேலைக்கென ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பத்தை நீட்டி, பிழை பார்த்துத் தரும்படி கேட்டார். இலக்கணப் பிழை ஒன்றும் காணவில்லை. ஆனால் மூன்றாம் வரியில் என் கண் நின்றுவிட்டது: ‘ஐ ஹாவ் அன் இனார்டினேட் லவ் ஃபார் சில்ட்ரன்.’

“தம்பி, இந்தச் சொல்லை எங்கே பிடித்தீர்?”

“அகராதியில்தான், சாமி. ‘அளவு கடந்த’ என்று போட்டிருக்கிறது. குழந்தைகள்மேல் எனக்கு அளவு கடந்த அன்பு உண்டு என்றுதானே எழுதியிருக்கிறேன்?”

அகராதி பொய் சொல்லவில்லை. ஆயினும் ஆங்கிலம் நன்கறிந்த தலைமையாசிரியர் ஒருவர் அவ்வரியைப் படித்தால், இவரைக் குழந்தைகளின் அருகில் விடலாமா என்றே ஐயுறுவார். நல்ல மனத்தோடு எழுதிய ஒரு வரி, எழுதியவரின் நற்பெயருக்கே கேடாய் நிற்கிறது.

இதற்குக் காரணம் நம் மொழியின் தாராளம் என்பேன். ‘அளவு கடந்த’ என்பதைத் தாயின் அன்புக்கும் சொல்கிறோம், குடிகாரனின் கோபத்துக்கும் சொல்கிறோம். ஆங்கிலம் இவ்விரண்டையும் தனித்தனிக் கூடையில் போட்டு வைத்திருக்கிறது. புகழ வேண்டுமானால் ‘பவுண்ட்லெஸ்’, ‘இம்மெஷரபிள்’ போன்ற சொற்கள் உண்டு. ‘எக்ஸெஸிவ்’, ‘இம்மாடரேட்’, ‘இனார்டினேட்’ ஆகியவை பெரும்பாலும் குறைகூறும் கூடையைச் சேர்ந்தவை. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியத்தைத் திறந்து பாருங்கள். கொலோசையர் திருமுகம் 3-ஆம் அதிகாரத்தில், நாம் நம்மிடம் சாகடிக்க வேண்டிய தீய நாட்டங்களின் வரிசையில், பாசத்தைக் குறிக்கும் சொல்லோடு இந்த ‘இனார்டினேட்’ சேர்ந்து நிற்கிறது. நம் இளைஞர் அறியாமல் எழுதியது ஏறத்தாழ அதையே!

இச்சொல்லின் தாய் இலத்தீன் மொழியின் ‘ஓர்தோ’. வரிசை, ஒழுங்கு என்பது பொருள். தறியில் பாவு நூல்கள் நிற்கும் வரிசையோடு தொடர்புள்ள சொல் அது என்பர் சொல்லாய்வாளர். பாவில் ஒரு நூல் தன் இடம் விட்டு விலகினால் துணி கெடும். நூல் மிகுதியானதால் அன்று, இடம் மாறியதால். ‘இனார்டினேட்’ என்பதும் அடிப்படையில் அவ்வாறே: ஒழுங்கினின்று விலகியது. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்னும் நம் பழமொழி அளவைப் பேசுகிறது. இச்சொல்லோ முதலில் இடத்தைப் பேசுகிறது.

1548-இல் பாப்பிறை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த புனித இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளில் இது தெளிவாகும். ஒழுங்கற்ற பற்றுதல்களை நீக்குவதே அப்பயிற்சிகளின் நோக்கம். அங்குள்ள மூவகை மனிதர் தியானத்தில் ஒவ்வொருவருக்கும் 10,000 துக்காத்துப் பணம் கிடைத்திருக்கிறது. ஒருவரும் அதைத் திருடவில்லை. தொகையும் மூவருக்கும் ஒன்றே. அதன்மேல் உள்ள பற்று நெஞ்சில் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதே அங்குக் கேள்வி. ஆங்கில மொழிபெயர்ப்புகள் அந்தப் பற்றுக்கு இடும் அடைமொழி இச்சொல்தான்.

நீதிமன்றங்களிலும் இதைக் காணலாம். நிலவழக்கில் அலைந்தவர்கள் ‘இனார்டினேட் டிலே’ என்று வழக்கறிஞர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாமதம் எத்தனை நாள் என்பது மட்டும் அங்கு முடிவைத் தருவதில்லை. 1998-இல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் 883 நாள் தாமதத்தையும் மன்னித்தது. நாளின் நீளத்தைவிட, கூறும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது.

இதன் உறவினர் சொற்களுக்கும் அவரவர் வீடு உண்டு. ‘எக்ஸார்பிட்டன்ட்’ என்றால் வண்டித்தடத்தை விட்டு விலகியது. விலை, வட்டி, கட்டணம் ஆகியவற்றுக்கே பெரிதும் வழங்கும். ‘எக்ஸ்ட்ராவகன்ட்’ என்றால் எல்லைக்கு வெளியே அலைவது. கடன் வாங்கி நடத்தும் நம் புதுநன்மை விருந்துகளுக்குச் சாலப் பொருந்தும். (பாப்பிறை 22-ஆம் யோவானின் 20 ஆணைகளுக்கும் ‘எக்ஸ்ட்ராவகாந்தெஸ்’ என்றே பெயர். ஊதாரித்தனம் ஒன்றுமில்லை, பழைய தொகுப்புகளுக்கு வெளியே நின்றவை, அவ்வளவே. குருமடத்தில் இதைக் கேட்டு நாங்கள் சிரித்ததுண்டு.)

இவ்வளவையும் அன்று அவரிடம் சொல்லவில்லை. அந்த அடைமொழியை அடித்துவிட்டு, ‘ஐ என்ஜாய் டீச்சிங் சில்ட்ரன்’ என்று எழுதச் சொன்னேன். எழுதினார். பிறகும் எழுந்து போகாமல், பேனாவை மூடித் திறந்துகொண்டே இருந்தார்.

“சாமி, பழைய வரியோடு இரண்டு பள்ளிகளுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். இரண்டிலிருந்தும் பதில் இல்லை.”

இன்னும் இரண்டு தாள் எடுத்துக் கொடுத்தேன். அந்த இரண்டு பள்ளிகளுக்கும் திருத்திய விண்ணப்பத்தை அன்றிரவே அங்கேயே அமர்ந்து எழுதி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.