பெண் பிறந்தால் யார் குற்றம்?

முதலாவது பெண், இரண்டாவதும் பெண், மூன்றாவதும் பெண்ணாகவே பிறந்துவிட்டால் நம் வீடுகள் சிலவற்றில் இன்றும் என்ன நடக்கிறது என்பதை நேயர்கள் அறிவார்கள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சுற்றத்தார் அநுதாபம் கூறும் பாவனையில் குத்திப் பேசுகிறார்கள். பிரசவக் களைப்புக்கூட நீங்காத தாய், தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணித் தலை குனிகிறாள். இந்தக் குற்றச்சாட்டு நியாயந்தானா என்று இவ்வாரம் விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைத்து விசாரிப்போம்.

நமது சரீரம் செல் எனப்படும் நுண்ணிய அறைகளால் ஆகியது. அநேகமாக ஒவ்வொரு செல்லிலும் குரோமோஸோம் என்னும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. பெற்றோரின் சாயல் பிள்ளைகளுக்கு வருவது இவற்றின் வழியாகவே. மனிதருக்கு இவை 46. அதாவது 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தந்தை தந்தது; மற்றது தாய் தந்தது.

சாதாரணமாக ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, இழைகள் யாவும் முன்னதாகவே இரட்டித்துவிடுவதால், இரண்டு செல்களுக்கும் 46 வீதம் கிடைக்கின்றன. தாயின் முட்டையும் தந்தையின் விந்தணுவும் இவ்விதமே உண்டானால் பிள்ளைக்கு 92, பேரனுக்கு 184 என்று தலைமுறைதோறும் பெருகிக்கொண்டே போகுமல்லவா? ஆகையால் இயற்கை இங்கே வேறொரு முறையைக் கையாளுகிறது. இழைகள் ஒரு தடவைதான் இரட்டிக்கின்றன. செல்லோ இரண்டு தடவை பிரிகிறது. முதற் பிரிவில், ஜோடி இழைகள் அருகருகே வந்து, தமக்குள் சில துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிறகு ஆளுக்கொரு பக்கமாக விலகுகின்றன. இரண்டாம் பிரிவில், இரட்டித்த பிரதிகள் விலகுகின்றன. முடிவில் மிஞ்சுவது 23 இழைகளே. எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு நியதி கிடையாது. இந்தப் பங்கீடு மாத்திரமே 83 லட்சத்துக்கு மேற்பட்ட விதங்களில் அமையலாம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லாததில் வியப்பென்ன?

1883-ல் பெல்ஜிய விஞ்ஞானியான எட்வர்ட் வான் பெனெடன், குதிரையின் குடலில் வாழும் ஒரு புழுவை ஆராய்ந்து, ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இழைகளை அளிப்பதைக் கண்டார். ஆனால் எண்ணிக்கை சமமானாலும் இழைகள் யாவும் ஒரே மாதிரியானவை அல்ல. இதை 1905-ல் எடுத்துக் காட்டியவர் அமெரிக்காவில் ஒரு தச்சரின் மகளாகப் பிறந்த நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார். மாவில் வாழும் ஒருவகை வண்டை அவர் ஆராய்ந்தார். பெண் வண்டுக்கு 20 பெரிய இழைகள். ஆண் வண்டுக்கோ 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. சிறிய இழையைக் கொண்ட விந்தணு முட்டையுடன் சேர்ந்தால் ஆண். பெரியதைக் கொண்டது சேர்ந்தால் பெண் என்று அவர் முடிவு கண்டார்.

மனிதரிடத்தும் இதே கதைதான். பெண்ணிடம் இருப்பவை இரண்டு எக்ஸ் இழைகள். ஆணிடம் எக்ஸ் ஒன்று, சிறிய ஒய் ஒன்று. ஆகவே தாய் எக்ஸ் இழையைத்தான் கொடுக்க முடியும். ஒய் அவளிடம் இல்லை. தந்தையின் விந்தணுக்களிலோ ஏறக்குறையப் பாதி எக்ஸ் உடையவை, பாதி ஒய் உடையவை. பிறப்பது ஆணா பெண்ணா என்பது முட்டையைச் சேரும் விந்தணுவைப் பொறுத்தது.

அப்படியானால் குற்றவாளி தகப்பனார்தான் என்று சிலர் தீர்ப்புக் கூற எழுந்திருக்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டும்! அவரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டிப் போடுவது போன்றதுதான் இது. மூன்று பெண்கள் பிறந்த வீட்டிலும் நான்காவது ஆணாவதற்கும் பெண்ணாவதற்கும் வாய்ப்பு ஏறக்குறைய சமமே.

கருவிலுள்ள சிசு ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதைத் தடுக்க, 1994-ல் நமது நாடு ஒரு சட்டமே செய்யவேண்டி வந்தது. சுதந்திர தேசத்துக்கு இது பெருமையாகுமா? குற்றமே நடவாத இடத்தில் குற்றவாளியைத் தேடுவானேன்? தாயின்மேல் சுமத்திய பழி இனியேனும் நீங்கட்டும். பிறந்த பெண்ணுக்குப் பாலும் படிப்பும் குறைவின்றிக் கிடைக்கட்டும்.